மூன்று நாள் கண்காட்சி, மூன்றாண்டுப் படிப்பு

ஏழை மாணவரின் கல்வி உதவிக்காக ஓவியக் கண்காட்சி நடத்தும் கல்லூரி மாணவ மாணவியருக்கு,

மாணவர்கள் நடத்தும் ஓவியக் கண்காட்சி பெரும்பாலும் மூன்று நாளில் முடிந்துவிடும். வெள்ளி மாலை திறப்பு, சனி ஞாயிறு கூட்டம், திங்கள் காலை ஆணியைப் பிடுங்கிச் சுவரைத் துடைக்கும் வேலை. அதில் சேரும் பணத்தை நம்பிப் படிக்க வருபவரின் படிப்போ கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாண்டு, பொறியியலில் நான்காண்டு, கட்டடக்கலையில் ஐந்தாண்டு. உங்கள் திட்டத்தில் முதலில் கணக்கிட வேண்டியது இந்த இடைவெளியைத்தான். எத்தனை படம் விற்றது, யார் ரிப்பன் வெட்டினார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

இந்த இடைவெளியை எண்ணாமல் நடத்தும் கண்காட்சிகளில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். திரண்ட தொகையைப் பத்தாகப் பங்கிட்டு, பத்துப் பேருக்கு ஆளுக்கு மூவாயிரமோ நாலாயிரமோ மேடையில் தருகிறார்கள். படம் எடுக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதே மாணவர் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு வந்து நிற்கும்போது, நடத்தியவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டிருக்கிறார்கள். பொறுப்பாசிரியருக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. வாட்ஸாப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வருகிறது. உதவி கிடைக்காமலே போனவர் வேறு வழி தேடியிருப்பார்; பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் சேர்ந்திருப்பார், அல்லது ஓராண்டு வேலை பார்த்துப் பணம் சேர்த்திருப்பார். பாதி வழியில் கை விடப்பட்டவருக்கு அந்த வழிகளும் அடைபட்டுப் போகின்றன. உங்கள் நல்ல எண்ணத்தின் பேரில் குறை இல்லை. ஆனால் அந்த எண்ணத்தை நம்பி ஒருவர் ஊர் விட்டு ஊர் வந்து விடுதியில் சேர்ந்திருக்கிறார் என்பதை மறக்க உங்களுக்கு உரிமையில்லை.

யாருக்கு உதவுவது என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் அரசு உதவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-இலும், பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் 2021-இலும் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு கிடைத்தது. அந்த வழியில் சேர்பவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் மாணவர்களுக்கான உதவித்தொகைகள் இருக்கின்றன. இவற்றில் எதற்குத் தகுதி உண்டோ அதை வாங்கிக் கொடுப்பதே உங்கள் உதவியில் முதல் பாதி. விண்ணப்பம் நிரப்பவும், வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்கு அலையவும் காசு வேண்டாம். கூட வர ஒரு ஆள் போதும்.

பணம் தேவைப்படுவது இந்தத் திட்டங்களின் சந்துகளில் விழுபவர்களுக்கு. ஏழாம் வகுப்புவரை ஊரிலிருந்த சிறிய தனியார் பள்ளியில் படித்துவிட்டு, தந்தையின் தொழில் நொடித்த பிறகு அரசுப் பள்ளிக்கு மாறிய ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்ற விதி அவருக்குப் பொருந்தாது. அப்பா இறந்துபோன ஆண்டில், அவர் உயிரோடு இருந்தபோது வாங்கிய வருமானச் சான்றைக் கையில் வைத்திருப்பவர் இன்னொருவர். உதவித்தொகை ஒதுக்கப்பட்டும் வங்கிக் கணக்குக்கு வர மாதங்கள் ஆகிறவர் மற்றொருவர். தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் அவருக்காகக் காத்திராது.

அந்தக் கடைசி நாளை அலுவலகச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வரிசை நகர்கிறது. கையில் சலானோடு ஒரு மாணவி மட்டும், "நீ போ, நீ போ" என்று பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே நிற்கிறார். பேனா தேடுபவர் போல ஒரு முறை ஒதுங்குகிறார், போன் வந்தவர் போல ஒரு முறை. கட்ட வேண்டியதில் நானூறு ரூபாய் குறைகிறது. யாரிடம் கேட்பது என்று முடிவு செய்வதற்குள் சன்னல் சாத்தப்படுகிறது. நாளை முதல் அபராதத்தோடு கட்ட வேண்டும். உங்கள் கண்காட்சிப் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் இந்தச் சன்னல்தான். இங்கே தேவை பெருந்தொகை இல்லை. உரிய நாளில், கேட்காமலே, மூன்றாண்டும் ஆறு பருவமும் வந்து சேரும் சிறு தொகை.

ஒன்றைக் கவனியுங்கள். சில அரசு உதவித்தொகைகளின் விதிகள், அதே காலத்தில் வேறோர் உதவித்தொகையும் பெறுவதைத் தடுக்கின்றன. உதவித்தொகை என்ற பெயரில் நீங்கள் தரும் ஐயாயிரத்தால் அவருக்கு வர வேண்டிய பன்னிரண்டாயிரம் நின்றுபோகக் கூடாது. விதியை முன்கூட்டிப் படித்து, தேவையானால் மெஸ் பில், பஸ் பாஸ், புத்தகம், வரைபடக் கருவி என்று பொருளாகவும் செலவாகவும் கொடுங்கள்.

இனி ஓவியம். கலையை விற்றுப் பொதுக் காரியத்துக்குப் பணம் சேர்ப்பது சென்னைக்குப் புதிது இல்லை. எழும்பூரிலிருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியில் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலை ஒட்டிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். படம் விற்றுப் பிழைப்பது நடவாத காலம் அது. மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பத்திக் துணிகளையும் மற்றக் கைவினைப் பொருள்களையும் செய்து விற்று, அந்த வருமானத்தைப் பொதுவில் சேர்த்துத்தான் நிலம் வாங்கினார்கள். வயிற்றுக்கும் நிலத்துக்கும் கைவினை. ஓவியம் சந்தைக்காக வளையாமல் தன் வழியே போகட்டும் என்பது ஏற்பாடு. பெரிய கான்வாசைப் பணத் திரட்டலின் முழுச் சுமையையும் தூக்கச் சொல்லவில்லை அவர்கள்.

இதில் உங்களுக்கு நேரடியான பாடம் இருக்கிறது. உங்கள் கூடத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் சக மாணவர்கள். மீதிப்பேர் பெற்றோர், ஆசிரியர், தெருவில் போகும்போது பேனரைப் பார்த்து நுழைந்தவர்கள். பத்தாயிரம் ரூபாய்ப் படத்தின் முன் நின்று ரசித்துவிட்டு, வாங்க முடியாத கூச்சத்தோடு வெளியேறுபவர்கள் இவர்கள். ஐம்பது ரூபாய்க்குப் புத்தகக்குறி, நூறு ரூபாய்க்கு லினோ அச்சு, இருநூறு ரூபாய்க்கு மையில் வரைந்த சிறு கோட்டோவியம் என்று மேசை போட்டால் அவர்களும் கைநிறைய வாங்கிப் போவார்கள். கோட்டோவியம் என்றால் தாழ்வு என்ற எண்ணம் மாணவர்களிடம் இருக்கிறது, அது தவறு. ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தி படங்கள் வெறும் கோடுகளால் ஆனவைதான். அவற்றைப் பார்த்தவர்கள் தாளையும் மையையும் குறைத்துப் பேச மாட்டார்கள்.

விலை வைப்பதில்தான் மாணவர் கண்காட்சிகள் அதிகம் சறுக்குகின்றன. "நல்ல காரியம்தானே" என்று சொல்லி இரண்டு பக்கமும் பிழை செய்கிறார்கள். ஒரு பக்கம், விற்றால் போதும் என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளுவது. இன்னொரு பக்கம், தர்மம் என்பதால் எந்த விலை சொன்னாலும் வாங்குவார்கள் என்று ஏற்றி வைப்பது. இரண்டிலும் படத்துக்கு மதிப்பில்லை. தாள், கான்வாஸ், வண்ணம், சட்டம் ஆகியவற்றின் செலவை எழுதுங்கள். வரைந்த நேரத்துக்கு நியாயமான ஒரு தொகையைச் சேருங்கள். உங்கள் ஊரில் அந்த அளவுப் படம் சட்டம் போட்டு என்ன விலைக்குப் போகிறது என்று சட்டக் கடைக்காரரிடமே கேளுங்கள். அவருக்குத் தெரியும். வந்த விலையைப் படத்தின் கீழே பளிச்சென்று எழுதி ஒட்டுங்கள். கேட்டால்தான் சொல்வோம் என்றால் பாதிப்பேர் கேட்கவே மாட்டார்கள்.

வரைந்த மாணவருக்கு வண்ணச் செலவையாவது முதலில் திருப்பித் தர வேண்டும். இதைக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். சேவையில் கூலியா என்பார்கள். ஆனால் படம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அக்ரிலிக் டியூபைத் தோழியிடம் கடன் வாங்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வசதியுள்ளவர் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கட்டும். வசதியில்லாதவர் வாய் திறந்து கேட்க வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள். எல்லோருக்கும் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, திருப்பித் தர விரும்புபவர் உண்டியலில் போடலாம் என்று வையுங்கள்.

படத்தைக் கையாளும் முறையும் இந்த மதிப்பில் சேரும். பின்பக்கம் செல்லோடேப் ஒட்டிச் சுவரில் மாட்டிய நீர்வண்ணப் படம் இரண்டாம் நாள் மின்விசிறிக் காற்றில் ஒரு மூலை விட்டு ஆடும். மூன்றாம் நாள் கழற்றும்போது டேப்போடு தாளின் தோலும் உரியும்; வெளுத்த வடு அப்படியே நிற்கும். வாங்கியவர் அதற்குள் பணம் கட்டியிருப்பார், படத்தின் கீழ் விற்றதற்கு அடையாளமான சிவப்புப் பொட்டும் வைத்தாயிருக்கும். எல்லாப் படத்துக்கும் கண்ணாடிச் சட்டம் போட வேண்டியதில்லை. கெட்டி அட்டையில் சன்னல் வெட்டி, அதன் பின்னே படத்தை மேல்விளிம்பில் மட்டும் காகித நாடாவால் தொங்கவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டால் போதும். ஓர் இரவு உட்கார்ந்தால் நாலு பேர் நாற்பது படத்தை முடித்துவிடலாம்.

படம் விற்றாலும் பதிப்புரிமை விற்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை படி எடுக்கும் உரிமை வரைந்தவரிடமே இருக்கிறது. வரைந்தவர் என்று அறியப்படும் உரிமையையும், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையையும் அதன் 57-ஆம் பிரிவு தருகிறது. அடுத்த ஆண்டு நாள்காட்டிக்கும் தேநீர்க் கோப்பைக்கும் அந்தப் படத்தை அச்சிடத் தோன்றினால், ஏற்பாட்டுக் குழுவானாலும் கேட்டு, எழுதி வாங்கித்தான் செய்ய வேண்டும்.

பணம் கைமாறும் இடத்தில் தமிழர்களுக்கு யாரும் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்துகளில் வாசலில் மேசை போட்டு உட்காருபவர், பெயர், ஊர், தொகை என்று ஒவ்வொருவரையும் நோட்டில் ஏற்றாமல் ஒரு ரூபாயும் பெட்டிக்குள் போடுவதில்லை. அந்த நோட்டு குடும்பத்தின் பத்திரம் போல வருடக்கணக்கில் காக்கப்படுகிறது, ஏனென்றால் அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். உங்கள் மேசையிலும் அப்படி ஒரு நோட்டு வேண்டும். படத்தின் எண், வரைந்தவர், விலை, வாங்கியவர், ரொக்கமா ஜிபேயா, எழுதியவரின் கையொப்பம். இரவு பூட்டுவதற்கு முன் இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும்.

ஜிபேயில் இன்னும் கவனம் தேவை. சுலபம் என்பதற்காக ஒரு மாணவரின் சொந்தக் கணக்கின் க்யூஆர் அட்டையை மேசையில் வைப்பது நடக்கிறது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், வீட்டுப் பணமும் கண்காட்சிப் பணமும் ஒன்றாகக் கலந்த பிறகு பிரித்துக் காட்டுவது கடினம். ஒரு சந்தேகப் பேச்சு கிளம்பினால் அழியாத பழி அவர் மேல் விழும். கல்லூரியின் கணக்கோ முன்னாள் மாணவர் சங்கத்தின் கணக்கோ வேண்டும் என்று ஒரு மாதம் முன்பே முதல்வரிடம் கடிதம் கொடுங்கள். வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் படத்தைக் கொடுக்காதீர்கள்; கணக்கில் பணம் வந்ததைப் பார்த்துக் கொடுங்கள்.

வருமானவரிச் சலுகை கிடைக்குமா என்று சிலர் கேட்பார்கள். வரிச் சலுகைக்கான பதிவு பெற்ற அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடைக்குத்தான் அந்தச் சலுகை; ரொக்கமாகத் தந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் அதுவும் இல்லை. மாணவர் குழு அத்தகைய ரசீது தர முடியாது. பதிவு பெற்ற அமைப்போடு சேர்ந்து நடத்தினாலும், படத்துக்குக் கொடுத்த விலை விலைதான், நன்கொடை ஆகாது. தெரியாமல் "கிடைக்கும் சார்" என்று சொல்லிவிடாதீர்கள். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் பணம் அனுப்புகிறேன் என்றாலும் நின்று விசாரியுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட சித்தப்பா அனுப்பும் நன்கொடை வேறு. பின்னதை வாங்க, 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்காற்றுச் சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடுமையாகச் சொல்ல வேண்டியது பேனரைப் பற்றி. உதவி பெறப்போகும் மாணவியின் புகைப்படம், பெயர், ஊர், "தந்தையை இழந்தவர்", "கூலித் தொழிலாளியின் மகள்" என்ற வரிகள். கூடத்தின் வாசலில் பத்தடி உயரத்தில் அதைக் கட்டுகிறார்கள். பார்ப்பவர் மனம் இளகிப் பணம் தருவார் என்ற கணக்கு. அந்த மாணவி அதே வாசல் வழியாகத்தான் மூன்றாண்டும் வகுப்புக்குப் போக வேண்டும். புதுச் செருப்பு போட்டால் ஒரு பார்வை, நண்பர்களோடு சினிமாவுக்குப் போனால் ஒரு பேச்சு, ஒரு தாளில் அரியர் வைத்தால் "நம்ம காசுல படிச்சும்" என்று ஒரு குத்தல். உதவி வாங்கிய நாள் முதல் அவர் சாதாரண மாணவியாக இருக்கும் உரிமையை இழக்கிறார். சம்மதம் வாங்கித்தான் படம் போட்டோம் என்று சொல்லாதீர்கள். கட்டணம் கட்டப் பணம் தருபவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட மறுக்க யாரால் முடியும்?

மாணவரைத் தேர்ந்தெடுப்பதும் உங்கள் கையில் இருக்கக் கூடாது. இருந்தால் உதவி தெரிந்த முகத்துக்குப் போய்ச் சேரும். அல்லது அழுது கேட்பவருக்குப் போய்ச் சேரும், வாய் திறவாதவருக்குக் கிடைக்காது. துறைத் தலைவர், விடுதிக் காப்பாளர், வெளியிலிருந்து ஓர் ஆசிரியர் என மூவர் போதும். பெயர் அவர்களோடு நிற்கட்டும். உங்களுக்குத் தெரிய வேண்டியது எண்ணிக்கையும் தொகையும்தான்.

இப்போது தொகை. எடுத்துக்காட்டாக, நாற்பது படங்கள் சராசரி 1,500 ரூபாய்க்கு விற்றால் 60,000. சிறு பொருள்களில் 15,000. மொத்தம் 75,000. வண்ணச் செலவு, அட்டை, விளக்கு, கூட வாடகை என்று 15,000 கழித்தால் மிச்சம் 60,000. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருவருக்கு அரசு உதவி போக ஆண்டுக்கு 20,000 தேவை என்றால், இந்தத் தொகை சரியாக ஒரே ஒருவரின் மூன்றாண்டுக்குப் போதும். பத்துப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆறாயிரம். மேடை நிறையும், ஒருவரது படிப்பும் முடியாது. ஒருவர்தானா என்று உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அந்த ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும்படிதான் இம்மடல் கேட்கிறது.

ஆகவே உங்களிடம் வைக்கும் வேண்டுகோள் இது. முதல் ஆணி அடிப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: எத்தனை மாணவருக்கு, எத்தனை ஆண்டுக்கு, பருவத்துக்கு எவ்வளவு. படிப்பு முடியும்வரை தாங்க முடிகிற எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்காதீர்கள். முதலாண்டுத் தொகை போக மீதியைக் கல்லூரியின் பெயரிலோ முன்னாள் மாணவர் சங்கத்தின் பெயரிலோ, ஒவ்வோர் ஆண்டும் சூன் மாதத்தில் முதிரும்படி வைப்பில் போடுங்கள். மூன்றாமாண்டு மாணவர்கள் மட்டும் குழுவில் இருக்க வேண்டாம். முதலாண்டு, இரண்டாமாண்டிலிருந்து இருவரைச் சேர்த்து, நோட்டையும் வங்கித் தாளையும் அவர்களிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் போன பிறகு தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதியை நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

அந்தத் தாளை, பேனர் கட்ட நினைத்த இடத்தில், கூடத்தின் வாசலில் ஒட்டுங்கள். படம் கொடுத்தவர்களின் பெயர், கணக்கு எழுதுபவர்களின் பெயர், பொறுப்பாசிரியரின் பெயர், அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவர்களின் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். படிக்கப்போகிறவரின் பெயர் மட்டும் வேண்டாம்.